பதினோரு வாயும் ஒரு கடியும்

அய்யாக்குட்டிக்குச் சொந்த ஊர் திருவேங்கடம். கரிசல் காட்டில் பிறந்தவன் தண்ணீரைக் கண்டால் முதலில் கும்பிடுவான், பிறகுதான் குடிப்பான். மதுரைக்காரர் ஒருவர் சீசனில் வாடகைக்கு விடுவதற்காகக் குற்றாலத்தில் கட்டிப்போட்டிருந்த பங்களாவுக்கு அவன் மேனேஜர். மேனேஜர் என்பது பேருக்குத்தான். வாட்ச்மேன், தோட்டக்காரன், ஒட்டடை அடிக்கிறவன் எல்லாம் அவனே. போன புரட்டாசியில் வேலைக்கு வந்தவன், ஆகையால் குற்றாலத்துச் சீசனை அவன் இன்னும் கண்ணால் கண்டதில்லை. வயது இருபத்து மூன்று. கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்காது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லிச் சொல்லியே அவன் அம்மா மூக்கம்மாள் அவனை வளர்த்துவிட்டாள். அந்த வாய்தான் அவனைப் பதினோரு நாய்களின் தலையெழுத்துக்குப் பொறுப்பாளி ஆக்கியது.

அறுபதாம் வருஷம், வைகாசி கடைசி. சீசன் கடை போடுகிறவர்கள் எல்லாம் பிச்சுமணி அண்ணாச்சியின் பழக்கடை முன்னால் கூடியிருந்தார்கள். பேச்சு நாய்களைப் பற்றி. குற்றாலத்து நாய்களுக்கு எச்சில் இலைக்குக் குறைவில்லை, அதனால் கொழுப்புக்கும் குறைவில்லை. போன சீசனில் ஒரு நாய், அருவியில் கண்ணை மூடிக்கொண்டு நின்ற மெட்ராஸ்காரர் ஒருவரின் வேட்டியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. அந்த மனிதர் ஈரத் துண்டோடு தங்குமிடம் வரைக்கும் நடந்து போனதை இன்றைக்கும் கடைத்தெருவில் நடித்துக் காட்டுவார்கள். இன்னொரு நாய் ஒரு வக்கீல் குடும்பத்தின் கட்டுச்சாதக் கூடையை அப்படியே காலி செய்தது.

"எட்டிக்கொட்டய இழைச்சு வடையில வச்சுப் போட்டா விடியுததுக்குள்ள சோலி முடிஞ்சிரும்" என்றார் பிச்சுமணி. அகலமான முகம், அதைவிட அகலமான குரல். அவர் ஒன்று சொன்னால் மற்ற கடைக்காரர்கள் தலையாட்டுவார்கள்.

கூட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத அய்யாக்குட்டி அங்கே எழுந்து நின்றான்.

"அண்ணாச்சி, பைரவர் வாகனத்துக்கு விஷம் வச்சிட்டு யாவாரம் தொடங்குனா உருப்படுமா? நான் ஒரு வழி சொல்லுதேன். இலஞ்சிக்குப் போற வழியில பண்டாரங்குளம் இருக்குல்லா? நடுவுல ஒரு திட்டு கிடக்கு. சுத்திலும் இடுப்பளவு சகதி. நாயெல்லாம் அந்தத் திட்டுல கொண்டு விட்டுட்டா அது சகதியத் தாண்டி வராது. சீசன் முடியவும் திருப்பிக் கொண்டாந்து விட்டுருவோம். தீனிக்கு நானும் என் கூட்டாளிமாரும் பொறுப்பு."

பிச்சுமணி அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார்.

"ஆளு பொடியனா இருந்தாலும் நாசூக்கான ஆளுவே நீரு! பாவமும் நம்ம மேல வராது. ஏ, வண்டியப் பூட்டச் சொல்லுங்க."

'நாசூக்கு' என்ற பாராட்டில் அய்யாக்குட்டிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதில் பாவத்துக்கு என்ன வேலை என்று ஒரு நொடி யோசித்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

விஷயம் இதுதான். திருவேங்கடத்தில் குளம் என்பது ஐப்பசி அடைமழையில் தண்ணீரைக் காணும், மாசிக்குள் வற்றிவிடும், அப்புறம் பையன்கள் அதில் கிளித்தட்டு விளையாடுவார்கள். ஆனியிலும் ஆடியிலும் குளத்தில் தண்ணீர் வரும் என்று அங்கே யாராவது சொன்னால் வேப்பிலை அடிக்க ஆள் தேடுவார்கள். ஒரே ஜில்லாதான், பஸ் ஏறினால் அரை நாள் வழிதான். ஆனால் மேற்கே, மலையடியில் கணக்கு வேறு. ஆனி பிறந்ததும் சாரல் இறங்கும். ஊருக்குள் பூத்தூறலாக விழுவது மலைமேல் கொட்டோகொட்டென்று கொட்டும். ஆறு பெருகி, வாய்க்கால் பெருகி, குளமும் பெருகும். அதை நம்பித்தான் கார் நெல்லுக்கே நாற்றுப் பாவுவார்கள். இலஞ்சியில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட இது தெரியும். தெரிந்ததைப் போய் யார் யாருக்குச் சொல்வார்கள்? அய்யாக்குட்டி நாய்களை நாசூக்காக முக்கிக் கொல்ல வழி சொல்கிறான் என்றுதான் கடைக்காரர்கள் அத்தனை பேரும் நினைத்துக்கொண்டார்கள்.

அவனுடைய கூட்டாளிமார் இரண்டு பேர். ஒருத்தன் தாணு, இலஞ்சியில் தென்னந்தோப்புக்காரர் மகன், தண்ணீரில் மீன். அவன் இருந்திருந்தால் அன்றைக்கே மண்டையில் தட்டியிருப்பான். அவனோ புனலூரில் அக்கா வீட்டில் சக்கைப்பழம் தின்றுகொண்டிருந்தான். இன்னொருத்தன் மசூது, தென்காசியில் குழிக்குள் உட்கார்ந்து தறி நெய்கிறவன். மூன்று பேரும் சேர்ந்து வாலிபர் சேவா சங்கம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். அதுவரை அந்தச் சங்கம் செய்த சேவை கேரம் ஆடியதுதான்.

நாய் பிடிப்பது லேசான வேலை இல்லை. அதற்கு வடிவம்மாளின் தயவு வேண்டியிருந்தது. வடிவம்மாள் அருவிக்குப் போகும் வழியில் இட்லிக்கடை வைத்திருந்தாள். முப்பது வயதிருக்கும், கைம்பெண், யாருக்கும் பயப்படாதவள். ராத்திரி கடையைக் கட்டும்போது தோசைக்கரண்டியால் கல்லில் டங் டங்கென்று தட்டி, மிச்சம் மீதியை நாய்களுக்குப் போடுவாள். அதில் ஒரு செவலை நாய்க்குச் சீமாட்டி என்று பெயர்கூட வைத்திருந்தாள். சீமாட்டி அப்போது நிறைமாதம்.

"வட தாரேன். ஆனா ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆவாதுல்லா?" என்று கேட்டாள் வடிவம்மாள்.

"ஒரு உசுருக்கும் சேதம் வராதுக்கா. என் தலைமேல சத்தியம்" என்று தன் தலையிலேயே அடித்துச் சத்தியம் செய்தான் அய்யாக்குட்டி.

அவள் வடை கொடுத்தாள். அய்யாக்குட்டி வடையைக் காட்டிக் காட்டி ஒவ்வொரு நாயாகச் சாக்குக்குள் போட்டான். அவனும் மசூதும் வண்டியில் கொண்டுபோய், சகதிமேல் பனந்தடிகளைப் போட்டுப் பாலம் கட்டி, திட்டில் அவிழ்த்துவிட்டு, பனந்தடிகளை உருவிக்கொண்டு வந்துவிட்டார்கள். தினமும் சாயங்காலம் கரையிலிருந்து நீண்டிருக்கும் மேட்டில் நின்று சோற்றுப் பொட்டலங்களைத் திட்டுக்கு எறிந்தார்கள். நாய்கள் பனை நிழலில் படுத்துக்கொண்டு ஜமீன்தார்கள்போல் வாலை ஆட்டின. எல்லாம் திவ்வியமாகத்தான் நடந்தது.

ஆனி பிறந்தது. ஒருநாள் ராத்திரி மலை கறுத்தது, விடியும்போது சாரல் இறங்கியிருந்தது. வெயிலும் தூறலும் ஒன்றாக விழுகிற அந்த அதிசயத்தைப் பார்த்து அய்யாக்குட்டி பங்களா முற்றத்தில் வாயைத் திறந்துகொண்டு சுற்றிச் சுற்றி வந்தான். அருவிப் பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தான். நேற்று வரை பாறையை நனைத்துக்கொண்டிருந்த அருவி இன்று இரைந்துகொண்டு விழுந்தது. இதையெல்லாம் ஊருக்குப் போய்ச் சொன்னால் ஒரு பயலும் நம்பமாட்டானே என்று அவனுக்கு ஒரே சந்தோஷம்.

மத்தியானம் தாணு வந்து இறங்கினான். கையில் அக்கா கொடுத்துவிட்ட நேந்திரங்காய் வற்றல்.

"என்னலே, கடைத்தெருவுல ஒரு நாயக்கூடக் காணும்?"

அய்யாக்குட்டி மார்பை நிமிர்த்திக்கொண்டு தன் நாசூக்கான ஏற்பாட்டைச் சொன்னான். சொல்லச் சொல்லத் தாணுவின் வாயில் இருந்த வற்றல் அப்படியே நின்றுவிட்டது.

"ஏலே கரிசக்காட்டு மூதி! ஆனியில பண்டாரங்குளம் ரொம்பிரும்லே! திட்டு முங்கி, பனையில பாதிக்குத் தண்ணி நிக்கும்!"

"ஐப்பசியிலதான..."

"ஒங்க ஊர்ல ஐப்பசி! இங்கன இன்னைக்கு!"

அய்யாக்குட்டி சட்டென்று திரும்பினான். பக்கத்தில் நின்ற மசூதைப் பார்த்தான். சாரல் விழுந்தால் தறிக்குழியில் தண்ணீர் ஊறும், தறியில் ஏற்றிய பாவு நூல் நமுத்துப்போகும். ஆகையால் மசூதுக்கு அன்றைக்கு வேலை இல்லை.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் மசூது. "சாரல்னா நனையும்னு தெரியும். குளம் ரொம்பும்னு நான் எங்க கண்டேன்? நான் குழிக்குள்ள கிடக்கவன் மாப்ளே."

மூன்று பேரும் ஓடினார்கள்.

பண்டாரங்குளத்தில் சகதியைக் காணவில்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர் கரை கொள்ளாமல் அலையடித்துக்கொண்டிருந்தது. வாய்க்கால் வாயில் நுரை சுழித்தது. திட்டு பாதியாகச் சுருங்கிப் போயிருந்தது. பனைகளின் தூரில் நாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. நாய்க்கு நீந்தத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும்தான். ஆனால் அந்தக் குளம் முழுக்கத் தாமரைக்கொடி. ஒரு கறுத்த நாய் துணிந்து இறங்கி, காலில் கொடி சுற்றிக்கொண்டு, தத்தளித்துத் திரும்பி ஏறியதை அவர்கள் கண்ணெதிரே பார்த்தார்கள்.

கரையில் குடையோடு ஒருவர் நின்றார். பிச்சுமணி அண்ணாச்சி.

"நீரு சொன்ன மாதிரியே ஆயிட்டுதுவே" என்றார். "ராத்திரிக்குள்ள முடிஞ்சிரும்."

அய்யாக்குட்டிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அந்தப் பாராட்டு, அந்தச் சிரிப்பு, பாவம் நம்மேல் வராது என்ற அந்தப் பேச்சு. அவனுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

"அண்ணாச்சி, நான் சாவடிக்கச் சொல்லல! சத்தியமாச் சொல்லல! எனக்குத் தண்ணி வரும்னே தெரியாது!"

பிச்சுமணி அவனை உற்றுப் பார்த்தார். "தெரியாதா?" என்று மட்டும் கேட்டார். பிறகு குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "தெரிஞ்சோ தெரியாமலோ, காரியம் நடந்தாச்சு. ஒரு நாயும் கடைத்தெருவுக்குத் திரும்பி வரப்படாது. கரையேறுனா எட்டிக்கொட்டதான். இது நான் மட்டும் சொல்லுததில்ல, எல்லாரும் சேந்து முடிவு பண்ணுனது" என்றார்.

அதற்குள் தாணு தன் தோப்புக்கு ஓடியிருந்தான். அப்பாவிடம் கேட்காமலேயே குலை தள்ளாத ஆறு வாழைகளை வெட்டிச் சாய்த்து, மூங்கில் குச்சிகளைக் குறுக்கே அடித்துக் கோத்து, தெப்பம் கட்டிக்கொண்டு வந்தான். தென்னங்கயிற்றின் ஒரு முனை தெப்பத்தில், மறுமுனை கரையில் மசூதின் கையில். தாணு மூங்கில் கழியை ஊன்றினான். அய்யாக்குட்டி முன்னால் ஏறி உட்கார்ந்தான்.

"ஒனக்கு நீச்சத் தெரியாதே" என்றான் தாணு.

"சத்தியம் பண்ணுனவன் நான்தான."

தெப்பம் திட்டை நெருங்கியது. நாய்கள் நம்பிக்கையோடு எட்டிப் பார்த்தன. அய்யாக்குட்டியின் முகத்தைக் கண்டதும் அத்தனையும் வாலைக் காலுக்கிடையில் சொருகிக்கொண்டு திட்டின் மறுகோடிக்கு ஓடிவிட்டன. சாக்குக்காரனை நாய் மறக்குமா? அவன் மடியிலிருந்து வடையை எடுத்துக் காட்டினான். வடையைக் கண்டதும் இன்னும் கொஞ்சம் பின்னால் போயின. ஒரு கிழட்டு நாய் வடையைப் பார்த்து உறுமவே செய்தது.

அந்த நிலையிலும் தாணுவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சிரிக்காதலே" என்று அய்யாக்குட்டி கெஞ்சினான். "வடிவம்மாக்காவக் கூட்டிட்டு வா. அவ கூப்பிட்டாத்தான் வரும்."

சீசனின் முதல் நாள். இட்லிக்கடையில் நிற்க இடம் இல்லாத கூட்டம். தாணு போய்ச் சொன்னதும் வடிவம்மாள் அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தாள். சாப்பிட உட்கார்ந்திருந்தவர்கள் கத்தினார்கள். "எந்திச்சுப் போங்கய்யா, நாளைக்கு வந்து தின்னுங்க" என்று சொல்லிவிட்டு, தோசைக்கரண்டியையும் ஒரு தகரத் தாம்பாளத்தையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கரைக்கு வந்தவள் அய்யாக்குட்டியை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஒன் தலைமேல சத்தியம்லா பண்ணுன? தல இருக்கா?"

வாயுள்ள பிள்ளைக்கு வாயடைத்துப்போன நாள் அது.

வடிவம்மாள் தெப்பத்தில் நின்றுகொண்டே தாம்பாளத்தில் டங் டங்கென்று தட்டினாள். "பா, பா, பா" என்று கூப்பிட்டாள். ராத்திரிச் சாப்பாட்டு மணி இது என்று நாய்களுக்குத் தெரியும். முதலில் கறுத்த நாய் வந்தது. பிறகு கிழடு. பிறகு ஒவ்வொன்றாக. அவள் கழுத்தைப் பிடித்துத் தெப்பத்தில் ஏற்றினாள். ஒரு நடைக்கு மூன்று நாய்க்கு மேல் தெப்பம் தாங்காது. அய்யாக்குட்டி திட்டிலேயே நின்று, வர மறுத்ததையெல்லாம் பின்னாலிருந்து தள்ளிவிட்டான். இருந்த பயத்தில் அவன் தள்ளுவதைக்கூட நாய்கள் பொறுத்துக்கொண்டன.

கரையில் மசூது பாடு பெரும்பாடாக இருந்தது. அவன் அம்மா ஹைருன் பீவிக்குச் சுத்தத்தில் கண்டிப்பு அதிகம். நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவவேண்டும், அதில் ஒரு தடவை மண்ணைப் போட்டு. ஆகையால் கயிற்றை மட்டும் இழுப்பேன், நாயைத் தொடமாட்டேன் என்று முதலிலேயே சொல்லித்தான் வந்திருந்தான். முதல் நாய் கரையேறியதும் உடம்பை உதறி அவனைத் தலை முதல் கால் வரை நனைத்தது. இரண்டாவது நாய் நன்றியில் அவன் முழங்கையை நக்கிவிட்டது. மூன்றாவதை அவனே தூக்கி இறக்கினான்.

"ஏழு தடவை கழுவணும்னா கழுவிட்டாப் போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "கொளமே பக்கத்துலதான் இருக்கு. மண்ணுக்கும் பஞ்சமில்ல."

பிச்சுமணி எல்லாவற்றையும் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். மற்ற கடைக்காரர்களுக்கு ஆள் சொல்லி அனுப்பியிருந்தார்.

பத்து நாய் கரையேறிவிட்டது. சீமாட்டியை மட்டும் காணவில்லை. திட்டில் இப்போது நாலு பாய் விரிக்கும் இடம்தான் மிச்சம். அய்யாக்குட்டி தேடினான். கருவேல மரத்தின் வேருக்கடியில் ஒரு பொந்து. அதற்குள் சீமாட்டி படுத்திருந்தாள். வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நாலு குட்டிகள், கண்கூடத் திறக்கவில்லை. தண்ணீர் பொந்தின் வாசலை நக்கிக்கொண்டிருந்தது.

தெப்பத்தில் திரும்பி வந்த வடிவம்மாள் தட்டினாள், கூப்பிட்டாள், கொஞ்சினாள். சீமாட்டி காதை மட்டும் அசைத்தாள். குட்டிகளை விட்டுவிட்டு எப்படி வருவாள்? தண்ணீர் ஒரு அலையில் உள்ளே புகுந்தது. ஒரு குட்டி கீச்சென்றது. அய்யாக்குட்டி யோசிக்கவில்லை, குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டுக் குட்டியைப் பிடித்தான். சீமாட்டி அவன் கையைப் பிடித்தாள்.

பல் இரண்டு பக்கமும் இறங்கியது. அவன் அலறினான், ஆனால் குட்டியை விடவில்லை. வெளியே எடுத்து வடிவம்மாளின் மடியில் போட்டான். குட்டி அவள் மடியில் கிடப்பதைக் கண்டதும் சீமாட்டி அவன் கையை விட்டாள். மற்ற மூன்றையும் அவன் எடுக்கும்போது பேசாமல் இருந்தாள். கடைசியில் தானே எழுந்து வந்து தெப்பத்தில் ஏறிக் குட்டிகளை முகர்ந்தாள். வடிவம்மாள் அவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் இறுக்கிக் கட்டினாள். ரத்தம் துண்டை நனைத்துக்கொண்டு வந்தது.

"வலிக்கா?"

"இல்லக்கா" என்றான். பொய்தான்.

கரைக்கு வந்தபோது கடைக்காரர்கள் அப்போதுதான் கூட்டமாக வந்து சேர்ந்திருந்தார்கள். ஒருவர் கையில் ஓலையில் முடைந்த சின்னக் கொட்டான். அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை. தென்னையில் கட்டிப்போட்டிருந்த பத்து நாய்களும் அந்த வாசனைக்கு நாக்கை நீட்டிக்கொண்டு நின்றன.

"கையில என்னவே?" என்றார் கொட்டான்காரர்.

"நாய் கடிச்சிட்டு."

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. தாணு உடனே சொன்னான்: "கடிச்ச நாயக் கொல்லப்படாது. பத்து நாள் உசுரோட வச்சுப் பாக்கணும். அதுக்கு வெறி இருந்தா அதுக்குள்ள செத்துரும். டாக்டர்மாரு மொதல்ல அதத்தான் கேப்பாங்க."

"சரி" என்றார் கொட்டான்காரர். "கடிச்சது எதுன்னு காட்டும். அத மட்டும் கட்டிப்போட்டுப் பாப்போம். மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்."

அய்யாக்குட்டி திரும்பிப் பார்த்தான். பதினோரு நாய்கள். விரலை நீட்டினால் சீமாட்டி பிழைப்பாள். மற்ற பத்தும் கொட்டானில் இருக்கும் வடையைத் தின்னும். தாம்பாளச் சத்தத்தை நம்பித் தண்ணீரைத் தாண்டி வந்த பத்து. வடிவம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலயே" என்றான்.

"என்னது?"

"ஒரே களேபரம் அண்ணாச்சி. மழை வேற. பதினோரு வாயில எந்த வாயின்னு நான் கண்டேன்?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. எல்லாரும் பிச்சுமணியைப் பார்த்தார்கள். பிச்சுமணி அய்யாக்குட்டியின் கையைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு கொட்டானை வாங்கித் தன் குடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப எல்லாத்தையும்தான் உசுரோட வைக்கணும். சீசன் நேரத்துல குத்தாலத்துல ஒருத்தன் வெறிநாய் கடிச்சுச் செத்தான்னு பேராச்சுன்னா அருவியில குளிக்க நாமதான் நிக்கணும். நடவும்வே, ஆஸ்பத்திரிக்கு."

தென்காசி ஆஸ்பத்திரி டாக்டர் காயத்தைக் கழுவினார். கழுவும்போதே கேட்டார்: "எந்த நாய் கடிச்சதுன்னு தெரியுமா? குட்டிகூட எடுத்து வந்ததாச் சொல்றாங்க. குட்டி போட்ட நாய்னா அது கடிக்கத்தான் செய்யும். அதுதான்னா ஊசி வேண்டாம், நாயைப் பார்த்துக்கிட்டாப் போதும். எதுன்னே தெரியலைன்னா இன்னைக்கே ஆரம்பிக்கணும். தினம் ஒண்ணு, தொப்புளைச் சுத்தி."

மேஜைமேல் ஊசி இருந்தது. திருவேங்கடத்தில் சாக்குத் தைக்கிற கோணி ஊசி அய்யாக்குட்டியின் ஞாபகத்துக்கு வந்தது. அம்மை குத்த வந்தவரைக் கண்டு சோளக்காட்டுக்குள் ஓடி ஒளிந்த பையன் அவன். அன்றைக்கு அவனைப் பிடிக்க நாலு பேர் வேண்டியிருந்தது. பக்கத்தில் பிச்சுமணி நின்றுகொண்டிருந்தார். சீமாட்டி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்தது.

"தெரியாது டாக்டர்" என்றான், சட்டையைத் தூக்கினான், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

அதற்குப் பிறகு குற்றாலத்தில் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! தாணுவின் தோப்பில் தேங்காய் உரிக்கிற கொட்டகையில் பதினோரு நாய்களும் கட்டப்பட்டிருந்தன. ஒரு நாய் இருமினால் கடைத்தெருவே கலங்கியது. கொட்டான்காரர் காலையும் மாலையும் வந்து ஒவ்வொன்றும் தண்ணீர் குடிக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுப் போனார். கிழட்டு நாய்க்குச் சளி பிடித்தபோது யாரோ திப்பிலிக் கஷாயம் கொண்டுவந்தார்கள். பிச்சுமணி தன் கடையிலிருந்து சோறும் கறிக்குழம்பும் தாமே சுமந்துகொண்டு வந்தார். ராத்திரி மலையிலிருந்து தோப்புகளில் இறங்கும் பன்றிகள் அந்தக் குரைப்பைக் கேட்டு இலஞ்சிப் பக்கமே தலைகாட்டவில்லை. அதைப் பார்த்த தோப்புக்காரர்கள், "பத்து நாள் முடியட்டும், அந்தக் கறுத்ததை எனக்குத் தா, இந்த வெள்ளையை எனக்குத் தா" என்று தாணுவிடம் இப்போதே சொல்லிவைத்தார்கள். மசூது தினமும் வந்தான், தினமும் ஏழு தடவை கழுவினான்.

தினமும் காலையில் அய்யாக்குட்டி தென்காசிக்குப் பஸ் ஏறினான். வயிறு முழுக்க முடிச்சு முடிச்சாக வீங்கிப் போயிற்று. நேராக நிற்க முடியாது, குனியவும் முடியாது, தும்மினால் உயிர் போய்த் திரும்பும். வடிவம்மாள் இட்லியைப் பொடித்துப் பாலில் கரைத்துக் கொடுத்தாள். "தல இருக்கா" என்று அப்புறம் அவள் கேட்கவே இல்லை.

பதினோரு நாயும் நலம், இனி ஊசி வேண்டாம் என்று டாக்டர் சொன்ன அன்று பிச்சுமணியும் கூட வந்திருந்தார். இரண்டு பேரும் பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள். தென்காசியிலும் மெல்லிசாகச் சாரல் விழுந்தது. பிச்சுமணி குடையை அவன் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

"அந்தச் செவலதான கடிச்சுது?"

அய்யாக்குட்டிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பத்து நாய் கரையேறுத வரைக்கும் உம்ம கையில துண்டு இல்ல. நான் கரையிலதான நின்னுக்கிட்டிருந்தேன். எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

அய்யாக்குட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினான்: "தெரிஞ்சும் ஏன் அண்ணாச்சி சொல்லல? டாக்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா எனக்கு இந்தப் பாடு உண்டா?"

"சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். சொன்னா மத்த பத்தையும் நம்ம ஆளுவ வச்சிருப்பாங்களா? நான் ஒருத்தன் வேண்டாம்னா கேப்பாங்களா? எட்டிக்கொட்டய ஆரம்பிச்சு வச்சவனே நான்தான." பிச்சுமணி பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உம்ம வயிறு ஒரு பக்கம், பத்து உசுரு ஒரு பக்கம். நடுவுல நின்னு யோசிச்சேன்வே. அதுக்குள்ள நீரு சட்டையத் தூக்கிட்டீரு. சரி போவட்டும்னு உம்ம வயித்த விட்டுட்டேன்."

அய்யாக்குட்டிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் ஊசி குத்தின இடமெல்லாம் தனித்தனியாக வலித்தது. அதற்காகச் சிரிக்காமல் இருக்க முடியுமா? பிச்சுமணியின் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழிய, ஐயோ ஐயோ என்று முனகிக்கொண்டே சிரித்தான்.